மூக்கு நீண்ட பொம்மையும் அம்மாவின் கணக்கும்

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வேலைவாய்ப்பு, செயற்கை நுண்ணறிவு, இளைஞர் சக்தி என்று எழுத இங்கே நல்ல பேனாக்கள் நிறைய உண்டு. நான் ஒரு பொம்மையைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் நானே குரோஷா ஊசியில் பின்னிய பொம்மை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். விடுதியில் ஏற்கெனவே நிறைய சிரித்தாகிவிட்டது. "என்னடா மாப்ளே, லேத் பிடிக்க வந்தவன் பொம்பளை வேலை பார்க்குற?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா மகளுக்கு நாலு வயசு. லீவுக்குப் போனபோது நூலகத்தில் படித்த பினோக்கியோ கதையை அவளுக்குச் சொன்னேன். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மையின் கதை. இத்தாலிக்காரரான கார்லோ கொல்லோடி 1881-இல் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக எழுத ஆரம்பித்து, 1883-இல் புத்தகமாக வந்தது. கேட்டு முடித்ததும், "மாமா, எனக்கு மூக்கு நீளுற பொம்மை வேணும்" என்று பிடிவாதம். கடையில் தேடினேன், கிடைக்கவில்லை. எதிர்வீட்டு டெய்லர் அக்காதான் "நீயே பின்னேன் தம்பி" என்று ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்.

இப்படி நூலால் பின்னிப் பஞ்சு அடைக்கும் சின்னப் பொம்மைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் அமிகுருமி. 'அமி' என்றால் பின்னல். 'நுயிகுருமி' என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டையும் சேர்த்துச் செய்த சொல். வேண்டிய கருவி ஒரே ஒரு கொக்கி ஊசி. நான் வாங்கியது 2.5 மில்லிமீட்டர். நூலுக்குச் சொல்லும் அளவைவிடச் சின்ன ஊசியாக எடுக்க வேண்டும். அப்போதுதான் பின்னல் நெருக்கமாக விழும், உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது.

தலைக்கான கணக்கை அக்கா ஒரு தாளில் எழுதித் தந்தார். முதல் வளையத்தில் 6 கண்ணி. அடுத்த சுற்றில் 12. பிறகு 18, 24, 30, 36. அதற்குப் பின் 6 சுற்று கூட்டாமல் குறைக்காமல் போக வேண்டும். பிறகு 30, 24 என்று குறைத்துக்கொண்டே வந்து மூட வேண்டும். பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம். ஏன் ஆறு ஆறாகக் கூட்டணும்? ஐந்தாகக் கூட்டினால் என்ன?

விடை நம் முதலாமாண்டுக் கணக்கிலேயே இருக்கிறது நண்பர்களே! வட்டத்தின் சுற்றளவு 2πr. ஒரு சுற்று கூடும்போது ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. ஆக, சுற்றளவு 2π மடங்கு, அதாவது 6.28 கண்ணி கூட வேண்டும். இந்த வகைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்பதால், ஆறு கூட்டினால் தட்டையான வட்டம் வரும். குறைவாகக் கூட்டினால் கிண்ணம் போலக் குவியும். அதிகமாகக் கூட்டினால் பாவாடை ஓரம் மாதிரி சுருக்கு விழும்.

இன்னும் போனால் தலைக்குள்ளே சைன் அட்டவணையே இருக்கிறது. நடுவில் 36 கண்ணி உள்ள உருண்டைக்கு மேலிருந்து கீழ்வரை அதில் பாதி, அதாவது 18 சுற்று. 180 டிகிரியை 18-ஆல் வகுத்தால் சுற்றுக்கு 10 டிகிரி. 36-ஐ அந்தந்தக் கோணத்தின் சைனால் பெருக்கினால் 6, 12, 18, 23, 28, 31 என்று வருகிறது. அக்கா தந்த கணக்கு இதற்கு வெகு அருகில். மிச்ச வித்தியாசத்தைப் பஞ்சு சரிக்கட்டிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்கம்மா, இதுக்குள்ள டிரிக்னாமெட்ரி இருக்கு" என்று பெருமையடித்தேன்.

ஆனால் பின்னிய தலை என் கணக்குப்படி வரவில்லை. நாலாவது சுற்றிலேயே ஓரம் நெளிந்தது. இந்தப் பின்னல் சுருள் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சுற்று எங்கே ஆரம்பித்தது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆரம்பக் கண்ணியில் வேறு நிற நூல் ஒன்றை அடையாளம் கட்ட வேண்டும். நான் கட்டவில்லை. மூன்று தடவை எண்ணினேன், மூன்று விடை வந்தது.

அம்மா ஒயர் கூடை பின்னுகிறவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நெல்லிக்காய் கூடை, சிவன் கண் கூடை எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் கையிலிருந்து அதை வாங்கி, ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க மூணு கூட இருக்கு கண்ணு. பிரிச்சிடு."

பிரித்து எண்ணினேன். 24 இருக்க வேண்டிய இடத்தில் 27!

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நெளியுதே, தெரியலையா? அடி போடும்போது விரிச்சுட்டே போகணும், சுவர் எழுப்பணும்னா விரிக்கிறதை நிறுத்தணும். கூடையா இருந்தா என்ன, பொம்மையா இருந்தா என்ன?"

ஒரு பக்கம் சூத்திரம் போட்டு நான் சொன்னதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். இத்தனை நாளும் 'எங்க வீட்ல யாரும் படிக்கல' என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. எங்க வீட்டில் சான்றிதழ்தான் இல்லை.

இது ஏதோ மகன் பாசத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித அறிஞர் 1997-இல் ஒரு வேலை செய்தார். எல்லா இடத்திலும் குதிரைச் சேணம் போல வளையும் ஹைபர்பாலிக் தளத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி குரோஷாவில் பின்னிக் காட்டினார். வழி என்ன? ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போவதுதான். என் பொம்மைத் தலை தவறிப்போய் நெளிந்த அந்த நெளிவு, அங்கே கணிதப் பாடம்!

இன்னொரு செய்தி, இயந்திரவியல் மாணவர்களுக்கு. பனியன் துணி பின்னும் இயந்திரத்தில் கண்ணிக்கு ஒரு ஊசி உண்டு. எல்லாக் கண்ணியும் வரிசையாகப் பிடிபட்டு நிற்கும். குரோஷாவில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். ஊசி ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே பின்னி முடித்த பகுதியில் சரியான துளையைத் தேடி நுழைய வேண்டும். அது மனிதக் கண்ணுக்கும் விரலுக்கும் சுலபம், இயந்திரத்துக்குப் பெரும்பாடு. குரோஷா போலத் தோற்றம் தரும் துணியை இயந்திரம் தரும். ஆய்வுக்கூடங்களில் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட பொம்மையைப் பின்னித் தள்ளும் தொழிற்சாலை இயந்திரம் இல்லை. ஆகவே, கடையில் குரோஷா பொம்மை எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும் சரி, யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து கையால் பின்னியதுதான் அது. அந்த மலிவு யார் கூலியில் வெட்டியது?

சரி, 'பொம்பளை வேலை' விஷயம். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து கொடும் பஞ்சம் வந்தபோது, பல ஏழைக் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது குரோஷா லேஸ். பசிக்கு ஆண் பசி, பெண் பசி உண்டா? நம் ஊரில் மீன்வலை பின்னுகிற ஆண்களை யாராவது கேலி செய்கிறோமா? ஊசியும் நூலும் யார் கையில் இருந்தாலும் கண்ணியின் கணக்கு மாறாது.

பொம்மை முடிந்தது. ஆறு கண்ணி வளையத்தைக் கூட்டாமல் நீட்டிக்கொண்டே போனதில் மூக்கு வந்தது. கண்ணுக்கு மணி வைக்கவில்லை, குழந்தை பிய்த்து விழுங்கிவிடும். கறுப்பு நூலால் தைத்தேன். மொத்தம் 14 மணி நேரம். நூலும் பஞ்சும் 60 ரூபாய். கண்காட்சி நாளில் மேசையில் வைத்திருந்தபோது ஒருவர் எடுத்துப் பார்த்து, "நல்லாருக்கு தம்பி, 80 ரூபாய்க்குக் குடுத்துடு" என்றார். செலவுக் கணக்கில் பொருள், கூலி, மேற்செலவு என்று மூன்று பத்தி போடப் படிக்கிறோமே, போட்டுப் பார்த்தேன். கூலிப் பத்தியில் 20 ரூபாய். மணிக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை! நான் கொடுக்கவில்லை. அக்கா மகள் காத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்மாவால் அப்படிச் சொல்ல முடியாது. கூடைக்குப் பேரம் பேசுகிறவர்களிடம் பத்து, இருபது குறைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

பினோக்கியோ கதையில் எல்லோருக்கும் மூக்குதான் ஞாபகம் இருக்கும். எனக்கு வேறொரு இடம். அந்தப் பொம்மையைச் செதுக்கிய ஏழைக் கிழவர் ஜெப்பெட்டோ, மகனுக்கு அரிச்சுவடி வாங்கப் பனிக்காலத்தில் தன் ஒரே கோட்டை விற்றுவிடுவார். கோட்டு எங்கே என்று கேட்டால், புழுக்கமாக இருந்ததாகப் பொய் சொல்வார். அந்தப் பொய்க்கு அவர் மூக்கு நீளவில்லை. மகனோ அந்தப் புத்தகத்தைப் பழந்துணிக்காரனிடம் நாலு காசுக்கு விற்று, பொம்மலாட்டம் பார்க்கப் போய்விடுவான்.

நான் முதல் பருவத்துக்குக் கட்டணம் கட்டி, மினி டிராஃப்டர் வாங்கிய வாரத்தில் அம்மாவின் காதில் தோடு இல்லை. வேப்பங்குச்சி இருந்தது. கேட்டதற்கு, "காது புண்ணாயிருக்கு கண்ணு, அதான் கழட்டி வெச்சேன்" என்றார். அந்தத் தோடு இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. படித்துவிட்டு, கைவேலை செய்கிறவரை ஒன்றும் தெரியாதவர் என்று நான் நினைத்தால், அரிச்சுவடியை விற்ற அந்தப் பொம்மைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நண்பர்களே, என் தாழ்மையான வேண்டுகோள் இரண்டு. விடுதியில் மாலை நேரம் வீணாகப் போகிறது. ஆணோ பெண்ணோ ஏதாவது ஒரு கைவேலை பழகிப் பாருங்கள். வகுப்பில் புரியாத கணக்கு சில நேரம் கையில் புரியும். அடுத்து, கூடையோ பொம்மையோ பூச்சரமோ வாங்கும்போது "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்காதீர்கள். "இதைச் செய்ய எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேளுங்கள். விலையைப் பிறகு நீங்களே சொல்வீர்கள்.