இசைக்கு உருவம் வேண்டுமா?

கார்ட்டூன் என்றதும் பூனை எலியைத் துரத்துவதுதான் நம் நினைவுக்கு வரும். அந்தப் பூனையே பியானோ முன் அமர்ந்து லிஸ்ட்டின் ஹங்கேரிய ராப்சொடியை வாசிக்கும் படமும் ஒன்று உண்டு. அது ஆஸ்கார் பரிசும் பெற்றது. ஆகவே சித்திரப் படத்திற்கும் மேனாட்டுச் சாஸ்திரீய இசைக்கும் உள்ள உறவு விளையாட்டன்று.

இவ்வகையில் தலைசிறந்தது வால்ட் டிஸ்னி 1940-இல் வெளியிட்ட ‘ஃபாண்டேசியா’. மந்திரவாதியின் சீடனான மிக்கி மவுஸ், துடைப்பத்திற்கு உயிரூட்டித் தண்ணீர் சுமக்க வைத்துவிட்டு, நிறுத்தத் தெரியாமல் படும் பாட்டை யார்தான் மறப்பர்? பால் டூகாஸ் 1897-இல் அந்த இசையை அமைத்ததே கதேயின் கவிதையை வைத்துத்தான். கதை இசையிலேயே இருந்தது. சித்திரம் அதற்குத் துணை நின்றது.

பீத்தோவனின் ஆறாவது சிம்பொனிக்கு நேர்ந்ததோ வேறு. நாட்டுப்புறத்தில் உள்ளம் அடையும் உணர்ச்சியே இதில் மிகுதி, வர்ணனை குறைவு என்று அவரே தெளிவுபடுத்தியிருந்தார். டிஸ்னியோ அதைக் கிரேக்கப் புராணத்திற்குக் கொண்டுபோய், பாதி மனிதரும் பாதி குதிரையுமான உருவங்களையும் சிறகு முளைத்த குதிரைகளையும் நிரப்பிவிட்டார். அழகில்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் ஒருமுறை பார்த்தபின் அந்த இசையை எப்போது கேட்டாலும் அக்குதிரைகளே கண்முன் ஓடுகின்றன! நாமாகவே கண்டிருக்கக்கூடிய ஓடையும் இடிமழையும் எங்கே போயின?

படமே கூடாது என்பது நம் வாதமன்று. நம்மில் பலருக்குப் பாக் என்ற பெயரே இப்படத்தால்தான் தெரிந்தது. அவருடைய இசைக்குக் கதை எதுவும் புனையாமல், கோடுகளையும் வண்ணங்களையும் மட்டும் அசையவிட்டிருக்கிறார்கள். சிறுவர்களுக்கு அது சலிப்பூட்டலாம். நமக்கோ அதுவே பிடித்தது.

படத்தின் இறுதியில், மொட்டை மலையில் பேய்கள் ஆடி ஓய்ந்தபின், கோயில் மணி ஒலிக்கிறது. ஷூபர்ட்டின் ‘ஆவே மரியா’ எழுகிறது. விளக்கேந்தியோர் காட்டு வழியே வரிசையாகச் செல்கின்றனர். அவர்கள் முகம் நமக்குத் தெரிவதில்லை. மாதாவின் உருவமும் காட்டப்படவில்லை. மரங்களும் விடியற்கால ஒளியுமே உள்ளன. அதனால்தானோ என்னவோ, நம் பாடகர் குழுவில் அப்பாட்டைப் பாடும்போது இன்றும் அவரவர் மாதா அவரவர் மனத்தில் இருக்கிறார்.

நம் பள்ளியில் இப்படத்தைத் திரையிடுவதானால், ஆறாவது சிம்பொனியில் ஒரு பகுதியையேனும் முதல்நாள் படமின்றி ஒலிக்கச் செய்யுமாறு தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களைப் பத்தாம் வகுப்பினர் சார்பில் கேட்டுக்கொள்கிறோம். குதிரைகள் மறுநாள் வரட்டும்.