எறங்கித் தள்ளுடா!

எங்க ஊரில் ஊர்த்தெரு தொடங்குகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. சேரியிலிருந்து வருகிறவன் அந்த மரம் வரைக்கும்தான் மனுசன். மரத்தைத் தாண்டினால் சைக்கிளை விட்டு இறங்கணும், செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டணும், தோள்துண்டை இடுப்பில் கட்டணும், தெரு முடிகிற மட்டும் தள்ளிக்கிட்டே போகணும். எங்க தாத்தா அப்படித்தான் தள்ளினார். ஒருநாள் ஏதோ யோசனையில் மரத்தைத் தாண்டியும் மிதித்துவிட்டார். திண்ணையில் இருந்த ஒரு பொடியன், பத்து வயசு இருக்கும், "எறங்கித் தள்ளுடா" என்றான். தாத்தாவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. இறங்கித் தள்ளினார்.

அப்பா காலத்தில் டி.வி.எஸ். 50 வந்தது. கொத்து வேலைக்கு டவுனுக்குப் போக, யாரோ ஓட்டித் தேய்த்த வண்டி ஒன்றை அப்பா வாங்கினார். அவர் தள்ளவில்லை. ஊர்த்தெரு வழியாகவே போகவில்லை. கம்மாக்கரையைச் சுற்றிக்கொண்டு, கூடுதலாக இரண்டு மைல் ஓட்டினார். ஐப்பசி மழையில் கரைச் சகதியில் வண்டியோடு எத்தனையோ தடவை விழுந்திருக்கிறார். இன்றைக்கு ஊரில் போய்க் கேட்டால், "எங்க ஊர்ல யாரும் யாரையும் வண்டிய விட்டு எறக்குனதே இல்ல" என்பார்கள். கம்மாக்கரையில் போகிறவனை எவன் இறக்கப் போகிறான்?

என் தம்பி மகன் தெரு வழியாக நேராகவே போகிறான். அவனிடம் இருப்பது பைக். தவணையில் எடுத்தது. 'பைக்ல சுத்துற பயலுக' என்று ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறதே, அது இவனைப் பார்த்துத்தான்.

*

இது ஏதோ எங்க ஊர்ச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம் தோழர்களே. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதிக்காரர்கள் கூடி, ஆதிதிராவிடர்கள் செய்யக் கூடாதவை என்று எட்டுக் கட்டளை போட்டார்கள். நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. நம்மவர்கள் மீறினார்கள். குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் கட்டளை பதினொன்றானது. கல்யாணத்தில் குதிரை ஏறக் கூடாது, ஊர்வலத்துக்கு வீட்டுக் கதவையே பல்லக்காக்கிக்கொள், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது என்றது அதில் ஒன்று. 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன், சாதியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தப் பட்டியலைப் பதிந்து வைத்திருக்கிறார்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு காகிதத்தை வையுங்கள். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015ல் ஒரு திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறை. அதில் 3(1)(za) என்ற பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியார், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். தண்டனை 6 மாதத்திலிருந்து 5 வருஷம் வரை.

கட்டளை 1931, சட்டம் 2015. நடுவில் 84 வருஷம். வெள்ளைக்காரன் போனான், அரசியல் சட்டம் வந்தது, செயற்கைக்கோள் விட்டார்கள். அதற்குப் பிறகும் 'இவன் மோட்டார் சைக்கிளில் ஏறினால் இறக்காதே' என்று பாராளுமன்றம் கூடி எழுத வேண்டியிருந்தது. "இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா" என்று கேட்கிற கனவான்களிடம் வேறு எதுவும் பேச வேண்டாம். இந்த ஒரு பிரிவைப் படித்துக் காட்டுங்கள்.

சட்டம் வந்த பிறகாவது நின்றதா? 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வந்ததுதான் காரணம் என்று அந்தக் குடும்பம் புகார் சொன்னது. மூன்று பேர் கைதானார்கள். வெட்டியது கையை. ஆக்சிலேட்டரைத் திருகுகிற கையை. பழைய இராமநாதபுரம் சீமைதான் அதுவும்.

*

வண்டியின் மேல் ஏன் இவ்வளவு வன்மம்? இரும்பும் ரப்பரும்தானே?

முதல் விஷயம், உயரம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குச் சேரிக்காரன் தலை தாழ்ந்தே தெரிய வேண்டும். வண்டியில் ஏறியவன் தலை நிமிர்ந்து நேராகப் பார்க்கிறான். கும்பிடக் கை இல்லை, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிறது. 1893ல் அய்யன்காளி வெங்கானூரில் ஒரு வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, புலையர்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டினாரே, அது உல்லாசப் பயணமா? அது போர். 1929ல் பாபாசாகேப் அம்பேத்கர் சாலீஸ்காவ் போனபோது, நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவந்த பாரிஸ்டரை ஏற்றிக்கொண்டு ஓட்ட ஒரு டோங்காக்காரனும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, பழக்கமில்லாத நம்ம ஆள் ஒருவர் ஓட்டினார். வண்டி பாலத்தில் இடித்தது. அண்ணல் தூக்கியெறியப்பட்டார், கால் முறிந்தது. ஓட்டத் தெரியாமல் விழுந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஓட்டக் கற்கவிடாதவன் யார்?

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். அது கூலி. கால்நடையாகப் போகிறவன் ஊர்க் காட்டுக்குத்தான் போக முடியும். சொன்ன கூலிதான், சொன்ன நேரம்தான். ஒரு டி.வி.எஸ். 50 வந்தால் பதினைந்து மைலில் இருக்கிற டவுன் பக்கத்தில் வந்துவிடும். அங்கே கொத்து வேலை, பெயின்ட் வேலை, கம்பி வேலை, கையில் காசு. எங்க அப்பா அந்தப் பழைய வண்டியை வாங்கிய வருஷத்தோடு பண்ணை வேலைக்குப் போவதை நிறுத்தினார். ஊர்த்தெருவுக்கு எரிச்சல் வண்டியின் சத்தத்தில் இல்லை, காலையில் அது போகிற திசையில்.

அதனால்தான் கலவரம் என்று சொல்கிற ஒவ்வொரு சூறையாடலிலும் குடிசையோடு நிறுத்துவதில்லை. 1995 ஆகஸ்ட் 31ல் கொடியங்குளத்தில் போலீஸ் நுழைந்து, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் சேர்த்த பொருள்களைத் தேடித் தேடி நொறுக்கியது. 2012 நவம்பர் 7ல் தருமபுரியில் நத்தம், கொண்டாம்பட்டி, அண்ணாநகர் காலனிகளை எரித்தபோது வீட்டோடு வண்டியும் சேர்ந்தே எரிந்தது. வீட்டை அரசாங்கம் திரும்பக் கட்டித் தரலாம். பத்து வருஷம் பெங்களூரில் கல் சுமந்து வாங்கிய வண்டியை?

*

இப்போது 'பைக்கர்' பிம்பத்துக்கு வருவோம்.

பைக்கர் என்றால் யார்? 1953ல் 'தி வைல்ட் ஒன்' என்று ஒரு அமெரிக்கப் படம். மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட் போட்டு, ஒரு கும்பலோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான். அன்றிலிருந்து பைக்கர் என்றால் வாலிபன், முரடன், ஒன்றுக்கும் அடங்காதவன். நம்ம ஊர் விளம்பரக்காரர்கள் அந்த ஜாக்கெட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு ஐ.டி. கம்பெனிப் பையனுக்கு மாட்டிவிட்டார்கள். அவன் லடாக் போகிறான், கர்துங்லாவில் போட்டோ எடுக்கிறான். அதற்குப் பெயர் சுதந்திரம், தேடல். அவனை வழிமறித்து எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

அதே வயசு, அதே வண்டி. வியாசர்பாடியிலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ வந்தால் பெயர் மாறிவிடுகிறது. 'புள்ளிங்கோ'. தலைமுடிக்குச் சாயம் அடித்தவன், சங்கிலி பறிப்பவன், பொம்பளைப் பிள்ளைகளைக் கெடுப்பவன். தருமபுரி எரிந்த 2012லேயே மருத்துவர் ராமதாசு ஜீன்ஸ் பேன்ட், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் என்று பட்டியல் போட்டார், நம்ம பையன்கள் இவற்றைப் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்களாம். 1930ன் எட்டுக் கட்டளையிலும் சட்டை இருந்ததுதானே! துணியின் பெயர்தான் மாறியிருக்கிறது.

ராத்திரி வாகனச் சோதனையில் நின்று பாருங்கள். லைசென்ஸ் இருக்கா, ஆர்.சி. இருக்கா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி "எந்த ஏரியாடா?" பதில் சரியில்லை என்றால் வண்டி ஸ்டேஷனில். அதற்கப்புறம் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாக மாவுக்கட்டோடு ஒரு போட்டோ. தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகள் ஆள் பார்த்து வழுக்குகின்றன. சட்டத்தை மீறி ரேஸ் விடுகிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிடி, வழக்குப் போடு, அபராதம் போடு. கையை உடைக்க எந்த மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

எதிரியை மட்டும் சொல்லி என்ன? நம்ம கூட்டங்களிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. "இவனுங்க லும்பன் தோழர், பைக்குல சுத்துவானுங்க, அரசியலுக்கு வரமாட்டானுங்க." இதைச் சொல்கிற தோழரின் பனியனில் சே குவேரா படம் இருக்கும். 1952ல் அந்த சே 23 வயசு மருத்துவ மாணவனாக, நண்பன் ஆல்பர்ட்டோ கிரனாடோவோடு ஒரு பழைய நார்ட்டன் வண்டியில் ஊர் சுற்றியவன்தான். வண்டி சிலியில் செத்துப் போனது, நடந்தும் லாரியில் தொற்றியும் போனான், சுரங்கத் தொழிலாளியைப் பார்த்தான், கண் திறந்தது. அர்ஜென்டினாக்காரன் சுற்றினால் புரட்சிக்கு முன்னுரை, நம்ம சேரிக்காரன் சுற்றினால் லும்பனா?

*

இன்னொன்று. பைக் என்றால் இருபது வயசு ஆம்பளை என்கிற பிம்பமே பொய். விடியக்காலை நாலரை மணிக்கு எந்த டவுனின் புறவழியிலும் நின்று பாருங்கள். எழுபது வயசுக் கிழவர் எக்ஸெல்லில் புல்லுக்கட்டு வைத்துப் போவார். பெயின்ட் வாளியும் ஏணியுமாக இரண்டு பேர். துடைப்பத்தை நீளவாக்கில் கட்டிக்கொண்டு நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. முதுகில் பெரிய பையோடு, படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை, அடுக்குமாடி வீட்டுக்குச் சோறு கொண்டு போகிறான். 'டெலிவரி ஆட்கள் இந்த லிஃப்டில் ஏறக் கூடாது' என்று அங்கே போர்டு தொங்குகிறது. வேப்பமரம் டவுனுக்கும் வந்துவிட்டது. இவர்கள் யாரும் எந்த விளம்பரத்திலும் பைக்கர் இல்லை.

பெண்களை மறந்தால் நாம் பேசுகிற விடுதலை நொண்டி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரிக் கூலிப் பெண்கள், தலித் பெண்கள். அன்றைக்கும் திண்ணைகள் சிரித்தன, அசிங்கமாகப் பேசின. அவர்கள் இறங்கவில்லை. இன்றைக்கு அந்த மாவட்டத்தில் ஒரு பெண் ஸ்கூட்டியில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நம்ம வீட்டில் என்ன நடக்கிறது? கடன் வாங்கி மகனுக்குப் பைக் எடுக்கிறோம், காலேஜ் போகிற மகள் கூட்ட பஸ்ஸில் தொங்குகிறாள். மருமகன் கேட்டான் என்று சீதனமாகவும் வண்டி கொடுக்கிறோம். சேரிக்குள்ளே நாம் நட்ட வேப்பமரம் இது. இதை வெட்ட வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

வண்டி வந்தால் விடுதலை வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2016 மார்ச் 13ல் உடுமலை சங்கரை வெட்டியவர்களும் பைக்கில்தான் வந்தார்கள். டாங்கில் சாதிப் பெயர் எழுதி, மீசை முறுக்கிய படம் ஒட்டி, சேரி முனையில் சைலன்சரை அலறவிடுகிறவனும் பைக்கர்தான். அவனைப் பார்த்து நாமும் அதே போல முறுக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அவன் திமிர் இல்லை, நம்ம பாதை. தவணை கட்ட முடியாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற பைனான்ஸ்காரனிடமிருந்தும், ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் ஏறி நெடுஞ்சாலையில் சாகிற சாவிலிருந்தும் நம்ம பிள்ளைகளைக் காப்பாற்றுவதும் இயக்க வேலைதான்.

மாணவத் தோழர்களே, ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் எந்தெந்தத் தெருவில் நம்ம ஆட்கள் வண்டியைத் தள்ளுகிறார்கள், எந்தெந்த ஊரில் கம்மாக்கரை சுற்றுகிறார்கள் என்று கணக்கெடுங்கள். சுற்றிப் போகிறவர்களையும் விடாமல் எழுதுங்கள், அதைத்தான் அதிகாரிகள் கணக்கில் காட்டுவதில்லை. புகார் எழுதும்போது 3(1)(za) என்று பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இன்ஸ்பெக்டர் 'வாய்த்தகராறு' என்று மாற்றினால் விடாதீர்கள்.

போன தை மாசம் எங்க அப்பாவை என் தம்பி மகன் பின்னால் உட்கார வைத்து ஊர்த்தெரு வழியாகக் கூட்டிப் போனான். வயசு எழுபத்திரண்டு. வேப்பமரம் வந்ததும், "டேய், கரை வழியா போடா" என்று தோளைப் பிடித்திருக்கிறார். அவன் போகவில்லை. தெரு முழுக்க அப்பா கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கி ரொம்ப நேரம் கழித்து, "அந்தத் தெரு இம்புட்டுத்தானா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் அப்பா. இருநூறு அடிகூட இருக்காது.