பானெட்டைத் திறக்கலாம், எதுவரை?

சொந்தக் காரைத் தானே பழுது பார்க்கப் போகிறவர் இன்ஜினைக் கெடுத்துக்கொள்வது சின்ன வேலையில்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீடுகளின் போர்ட்டிகோவில் கியர்பாக்ஸை இறக்க யாரும் துணிவதில்லை. ஆயில் மாற்றுவது, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது போன்றவற்றுக்குத்தான் கை நீள்கிறது. பல்பைத் தப்பாக மாட்டினால் எரியாது, அங்கேயே தெரிந்துவிடும். ஆயிலில் செய்த தப்பு அப்படித் தெரியாது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், தெருமுனை வரை நன்றாகவே போகும். பிறகு அழுத்தம் தாங்காமல் வளையம் பிதுங்கி ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டும். சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் இன்னும் சில நிமிடம் ஓட்டினால் பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஆகவே வேலை சுலபமா கடினமா என்று பார்த்து இறங்குவது சரியான கணக்கில்லை. தப்பு நேர்ந்தால் சாவியைத் திருப்பும் முன்பே அது தெரியவருமா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த ஊருக்கென்றே ஒரு ஆபத்து உண்டு, அது தண்ணீர். சேலம் மேக்னசைட் வெட்டியெடுக்கும் பூமி. இங்கே பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருப்பதற்கு வாளியின் அடியில் படியும் வெள்ளைப் படலமே சாட்சி. கூலன்ட் குறைந்தால் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். கூலன்ட் சூட்டைத் தணிப்பதோடு நிற்பதில்லை. அலுமினியம் அரிக்காமல் காக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. போர்வெல் தண்ணீர் சேரச் சேர கூலன்ட்டின் வீரியம் குறைகிறது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காறை படிகிறது. சமவெளியில் ஓட்டும்வரை எதுவும் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதையில், ஏசியும் ஓட, சின்ன கியரில் வண்டி ஏறும்போதுதான் வெப்ப முள் மேலே போகும். அதன் பிறகும் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கட் போகும், ஆயிலும் தண்ணீரும் கலக்கும். அப்போது வரும் செலவில் எத்தனையோ டப்பா கூலன்ட் வாங்கலாம். அதில் கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீரும் பேட்டரிக் கடையில் கிடைக்கிற பொருள்தான்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் இதற்கு உடனே மறுப்பு வரும். லாரியும் போர்வெல் ரிக்கும் ஓட்டிப் பிழைக்கிற பூமி இது, ரோட்டோரத்தில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய டிரைவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் படித்தது பட்டறையில், கிளீனராக, ஒரு மேஸ்திரியின் கண் முன்னால். காணொளி பார்த்துப் பழகுகிறவருக்கு அந்தக் கண் இல்லை. மரை எப்போது இறுகியது என்று கைக்குத் தெரிய வருடக்கணக்கான பழக்கம் வேண்டும். அது இல்லாதவர் அலுமினிய ஹெட்டில் பிளக்கை இறுக்கினால் மரையே போய்விடும். இன்ஜினும் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற பி.எஸ்.6 டீசல் கார்களில் ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு டீசல் போகிறது. துளி அழுக்கும் அதற்கு ஆகாது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த தனி ரக ஆயில் வேண்டும். கையில் கிடைத்ததை ஊற்றினால் வடிகட்டி நாளாவட்டத்தில் அடைத்துக்கொள்ளும்.

டைமிங் பெல்ட் பற்றி நீட்டிப் பேச வேண்டியதே இல்லை. ஒரு பல் தள்ளி மாட்டினால் வண்டி திணறும். இன்னும் தள்ளிப்போனால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதும். அதை வீட்டில் தொடக் கூடாது.

சர்வீஸ் சென்டரில் தீட்டுகிறார்களே, தேவையில்லாததையும் மாற்றச் சொல்கிறார்களே என்பது இதைவிட வலுவான மறுப்பு. உண்மைதான், அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அதற்காக எல்லாவற்றையும் வீட்டில் செய்ய வேண்டியதில்லை. ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு, ஏசி ஃபில்டர் இவற்றைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம், கணிசமாக மிச்சமாகும். ஆயில் மாற்றியே தீருவேன் என்பவர் கையேட்டில் எழுதிய ரகத்தை வாங்கி, பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பார்த்து, டிரெயின் நட்டுக்குப் புது வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்கி, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்றட்டும். கூடுதலாக ஊற்றினாலும் ஆயில் நுரைத்து இன்ஜினுக்குக் கெடுதல்தான்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை சேலத்தையும் ஏற்காட்டையும் ஊத்தங்கரையையும் புரட்டிப்போட்டது. அப்படிப்பட்ட மழையில் மூழ்கிய காரில், தண்ணீர் வடிந்தபின் 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவதும் ஒரு சொந்த வைத்தியமே. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜினுக்கெனத் தனிப் பாதுகாப்பு எடுக்காத சாதாரணக் காப்பீட்டில் அந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டிக்குச் சொல்லி அனுப்புங்கள்.