டாண்டும் தோனும் பாடத்திற்கு வெளியேயா?

சோட்டாநாக்பூர் உழவர்கள் தம் நிலத்தை டாண்ட், தோன் என இரண்டாகப் பகுப்பர். டாண்ட் என்பது நீர் தங்காத மேட்டுநிலம்; தோன் என்பது வரப்பிட்டு நெல் விளைவிக்கும் தாழ்நிலம். இரண்டிலும் மும்மூன்று தரங்கள் உண்டு. ஈரம் எவ்வளவு நிற்கும், எந்த நெல் பொருந்தும், எங்கே கேழ்வரகு விதைப்பதே நன்று என்பதையெல்லாம் உழவருக்குத் தரத்தின் பெயரே உணர்த்திவிடும்.

இந்நிலத்தில் வளர்ந்த பிள்ளைகளே ஜார்க்கண்டின் சிறு கல்லூரிகளுக்கு வருகின்றனர். முண்டாரி, சந்தாளி, ஹோ ஆகிய ஆஸ்திரோ-ஆசிய மொழிகளையும், தமிழின் உறவுமொழியான குருக்கையும் பேசுவோர் அவர்களுள் உளர். ஆயினும், இயற்கை வளப் பாதுகாப்பு என்ற பாடம் தொடங்கியதும் அறிந்தவர் அறியாதவராகிவிடுகின்றனர். மண் அரிப்புக்கு வரையறை எழுதினால் மதிப்பெண் உண்டு. தோன் நிலத்தின் வரப்பு எதற்கு என்று விளக்கினால் அதற்கு விடைத்தாளில் இடமில்லை.

குறை சட்டத்திலோ பாடத்திட்டத்திலோ இல்லை. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டது. பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை வகுப்புகளுக்கு வகுத்த ஆறுமாதப் பாடத்திட்டம், 100 மதிப்பெண்களில் 25ஐக் களப்பணிக்கு ஒதுக்கியது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்கீழ், உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக வேண்டும். ஒருபுறம் களப்பணிக்குரிய மதிப்பெண்கள். மறுபுறம் எழுதப்பட வேண்டிய பதிவேடு. இரண்டையும் இணைக்கும் பணியே எஞ்சியுள்ளது.

வட்டாரப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும், அறிவியலுக்குப் பொதுப்பெயர் வேண்டும் என்று மறுப்போர் உண்டு. அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் பொதுப்பெயர் இது எந்தச் செடி என்று மட்டுமே சொல்லும்; அச்செடியை எப்போது பறிக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்ற அறிவு அதைப் பயன்படுத்துவோரின் பேச்சில்தான் இருக்கிறது. இரு பெயர்களையும் ஒரே ஏட்டில் எழுதத் தக்கவர், வகுப்பறைக்கும் வயலுக்கும் அன்றாடம் சென்றுவரும் மாணவரே. ஆய்வகமும் நூலகமும் குறைந்த சிறு கல்லூரிக்கு, பெரிய பல்கலைக்கழகம் எளிதில் பெறவியலாத வலிமை இது.

எனவே அந்த 25 மதிப்பெண்களை ஒருநாள் சுற்றுலா அறிக்கைக்கு வழங்காமல், மாணவர் தம் ஊர்ப் பெரியோரிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதும் பதிவுக்கு வழங்க வேண்டும். தோன் நிலத்தின் தரங்களைப் பிரித்தறியும் தலைமுறை மறைந்தபின், வரைபடத்தில் நிலம் இருக்கும்; அதைக் காக்கும் முறையைக் கேட்டறிய ஆளிருக்காது.