கேப்டன் நாற்காலியில் ஒரு கவுன்சலர்!

கேப்டன் மூன்று குழந்தைகளோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். துணை கேப்டன் உயிரோடு இருக்கிறாரா, தெரியாது. கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி இறந்துகிடக்கிறார். மிச்சம் இருப்பவர்களில் ரேங்க்கில் பெரியவர் யார் என்று பார்த்தால்... கவுன்சலர் டியன்னா ட்ராய்!

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில், 1991-ல் ஒளிபரப்பான 'டிஸாஸ்டர்' எபிசோடில் எண்டர்பிரைஸ் விண்கப்பலுக்கு வந்த நிலைமை இது. கப்பலில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ட்ராயின் வேலையோ, மற்றவர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்டு வழி சொல்வது. பக்கத்தில் இருப்பவர்கள் பேசும் டெக்னிக்கல் வார்த்தைகளுக்கே அவர் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்ஜினில் எதிர்ப்பொருளை அடக்கிவைத்திருக்கும் தடுப்பு பலவீனமாகிக்கொண்டே வருகிறது. 15 சதவிகிதத்துக்கு இறங்கினால் கப்பல் வெடித்துவிடும். பின்பகுதியைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கலாம், அங்கே யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்கிறார் என்சைன் ரோ. கணக்குப்படி பார்த்தால் அது நியாயமான யோசனைதான். ட்ராய் மறுக்கிறார். இன்ஜின் அறைக்கு மின்சாரம் அனுப்பச் சொல்கிறார். அங்கே யாராவது இருந்தால், ஆபத்து திரையிலாவது தெரியுமே! நல்லவேளை, ரைக்கரும் டேட்டாவும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் ரோ வந்து, தான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்கிறார். நீ சொன்னதே சரியாகவும் போயிருக்கலாம் என்கிறார் ட்ராய். எபிசோடிலேயே உருப்படியான இடம் இதுதான். ஜெயித்தவர்கள் இதைச் சொல்வது அபூர்வம்.

1994-ல் வந்த 'தைன் ஓன் செல்ஃப்' எபிசோடில், அதே ட்ராய் கமாண்டர் பதவிக்கான தேர்வு எழுதுகிறார். தேர்வு நடத்துபவர் ரைக்கர். பழைய காதலர் வேறு! இன்ஜின் பகுதியில் மட்டும் திரும்பத் திரும்ப ஃபெயில். மேனுவலைக் கரைத்துக் குடித்தும் பலனில்லை. கடைசியில்தான் பிடிபடுகிறது. போனால் கதிர்வீச்சில் சாவது நிச்சயம் என்ற இடத்துக்கு, பழுதுபார்க்க நண்பர் ஜோர்டியை அனுப்ப வேண்டும்.

ஹோலோடெக்கில் உருவாக்கிய போலி ஜோர்டிதான். ஆனாலும் 'போ' என்று ட்ராய் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். சொல்கிறார். சில வருடங்களுக்கு முன்பு, இருக்கிறார்களா என்றே தெரியாதவர்களுக்காகக் கப்பலையே பணயம் வைத்தவர்!

பாஸ். வெளியே போயிருந்த டேட்டா திரும்பி வரும்போது, ட்ராய் அவருக்கே மேலதிகாரி. இனி 'சார்' போட்டுத்தான் பேச வேண்டுமா என்று அங்கே ஒரு சின்னக் கலாட்டா நடக்கிறது.