ஞாபகத்தைத் தின்ற சிப்பி!
மூளைக்குள்ளே ஒரு கதவு; கடலுக்குள்ளே ஒரு விஷம்

2025-ம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாக் கடற்கரையில் ஒரு பரிதாபக் காட்சி. நூற்றுக்கணக்கான கடற்சிங்கங்கள் கரை ஒதுங்கின. சில, வலிப்பு வந்து துடித்தன. சில, பிரமை பிடித்தவைபோல் கிடந்தன. டால்பின்களும் செத்து ஒதுங்கின.

காரணம், 'டோமோயிக் அமிலம்' என்னும் விஷம். கடலில் மிதக்கும் ஒருவகை நுண்பாசி இதை உண்டாக்குகிறது. பாசியை நெத்திலியும் மத்தியும் தின்கின்றன. அவற்றைக் கடற்சிங்கம் தின்கிறது.

கனடாவில் நடந்தது

இதே விஷம் மனிதரையும் பதம் பார்த்திருக்கிறது. 1987-ம் ஆண்டு இறுதியில், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த சிப்பியைச் சாப்பிட்டவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், மூவர் இறந்தனர். பிழைத்தவர்களில் சிலருக்கு நேர்ந்த கதி விசித்திரமானது. புதிதாக எதைக் கேட்டாலும், பார்த்தாலும் மனத்தில் தங்கவில்லை!

கதவின் வேலை

மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் சேதி அனுப்ப 'குளுட்டமேட்' என்ற ரசாயனத்தை வெளிவிடுகிறது. அடுத்த அணுவின்மீது 'ஆம்பா' ஏற்பிகள் என்னும் நுண்ணிய கதவுகள் உள்ளன. குளுட்டமேட் தொட்டதும் கதவு திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. மின் துடிப்பு எழுகிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் கதவு மூடிவிடும். நாம் ஒன்றைக் கற்கும்போது அணுக்கள் சந்திக்கும் இடத்தில் இக்கதவுகள் பெருகுகின்றன. ஞாபகத்துக்கு இது முக்கிய அடிப்படை என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

டோமோயிக் அமிலம் குளுட்டமேட்டைப்போல் வேஷம் போட்டு வருகிறது. ஆம்பா கதவையும், அதன் இனத்தைச் சேர்ந்த 'கைனேட்' கதவையும் திறக்கிறது. பிறகு லேசில் மூட விடுவதில்லை. ஓயாத துடிப்பில் அணு மடிகிறது. அதிகம் சேதமடைவது, ஞாபகங்களைப் பதியவைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' பகுதி.

அடக்கும் மருந்து

கதவு அளவுக்கு மீறித் திறந்தால் வலிப்பு. அப்படியானால், கதவைச் சற்று அடக்கினால்? அந்த வேலையைச் செய்வதுதான் 'பெராம்பனெல்' மருந்து. காக்காய்வலிப்புக்காக 2012-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதை அனுமதித்தன. ஆனால் கதவுகளை அடியோடு அடைத்துவிட முடியாது. மூளையின் அன்றாட வேலையே அவற்றால்தான் நடக்கிறது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், சிலருக்குக் கடுங்கோபம் ஆகியவை இம்மருந்தினால் வரக்கூடும்.

காவல் தேவை

இந்த விஷம் வேகவைத்தாலும் போகாது. பரிசோதனைதான் கவசம். கிலோ சிப்பி இறைச்சியில் 20 மில்லிகிராமுக்கு மேல் விஷம் கூடாது என்று கனடா வரம்பு கட்டியது. மற்ற நாடுகளும் பின்பற்றின. 2015-ல் பசிபிக் கடல் சூடேறி விஷப்பாசி பெருகியபோது, கலிபோர்னியாவில் நண்டு பிடிப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. மீனவர்களுக்குப் பெரும் நஷ்டம். ஆனால் உயிர்கள் தப்பின.

ஒருவரும் சாகாத ஆண்டில், பரிசோதனைக்கு ஏன் இத்தனை செலவு என்று கேட்கத் தோன்றும். ஒருவரும் சாகாததுதான் அந்தச் செலவின் பலன்! அத்தகைய காவல் கடற்சிங்கங்களுக்கு இல்லை. கரையில் துடிக்கும் அவை நமக்கு விடும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது.