கடையில் நின்ற வருசங்களை மறைப்பதா?

குடும்பத்தில் ஒருவர் கொம்பியூட்டர் படித்திருந்தால் போதும், வேலை தேடுகிற சொந்தக்காரர் எல்லாருடைய ரெஸ்யுமேயும் அவரிடம்தான் வரும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். இங்கே பிறந்து வளர்ந்த உங்களில் பலருக்கும் இந்த உத்தியோகம் பழக்கமாக இருக்கும். சம்பளம் இல்லை, தேத்தண்ணி உண்டு.

கடைசியாக வந்தது என் சகலனுடையது. கொழும்பில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஏழு வருசம் மனேஜர். கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்து, திரும்பவும் கஷியரில் தொடங்கி, இப்போது ஒரு உடுப்புக் கடையில் உதவி மனேஜர். சனி, ஞாயிறு கட்டாயம் வேலை. மகளின் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமை என்பதால், இரண்டு வருசமாக அதன் வாசலைக்கூட அவர் பார்த்ததில்லை. டேட்டா அனலிஸ்ட் ஆக வேண்டும் என்கிற ஆசைக்கு அதுதான் காரணம்.

எங்கட ஆட்கள் நல்லெண்ணத்தோடு அவருடைய ரெஸ்யுமேயைத் திருத்திக் குடுத்திருந்தார்கள். கடை அனுபவம் முழுக்க இரண்டு வரியாகச் சுருங்கிக் கீழே போய்விட்டது. மேலே மூன்று ஒன்லைன் சான்றிதழ்கள். "கடையில நிண்டவர் எண்டு தெரிஞ்சா கூப்பிடமாட்டினம்" என்பது மாமாவின் தீர்ப்பு.

எனக்கு அதில் உடன்பாடில்லை. டேட்டா படிக்கத் தொடங்குகிற பலரும் தொடுகிற ஒரு டேட்டாசெட் இருக்கிறது, பெயர் 'ஒன்லைன் ரீடெய்ல்'. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் இலவசமாகத் தருகிறது. பிரித்தானியாவில் பரிசுப்பொருள் விற்ற ஒரு இணையக் கடையின் 2010 டிசம்பர் முதல் 2011 டிசம்பர் வரையான விற்பனை, மொத்தம் 541,909 வரிகள். அதை அவருக்குத் திறந்து காட்டினேன். கோட் ஒன்றும் எழுதவில்லை, சும்மா எக்செலில்தான்.

கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "தம்பி, இந்த 'சி' எழுத்தில தொடங்குற பில்லெல்லாம் கான்சல் பண்ணினதோ?" ஆம், அதுதான். அடுத்தது, 'சி' இல்லாமலே எண்ணிக்கை மைனஸில், விலை பூச்சியமாக இருக்கிற சில வரிகள். விவரத்தில் 'டேமேஜ்ட்' போன்ற சொற்கள், சிலதில் வெறும் கேள்விக்குறி. "இது ஆரும் திருப்பிக் குடுத்தது இல்லை. உடைஞ்சது, காணாமல் போனதைக் கழிச்சிருக்கினம். மாச முடிவில நாங்கள் செய்யிறதுதானே." பிறகு, சாமான்களோடு சாமானாகத் தபால் செலவும் ஒரு பொருளாக நிற்பதைப் பிடித்தார். வாடிக்கையாளர் இலக்கம் 135,080 வரிகளில் காலி, அதாவது காற்பங்கு. "அப்ப ஒரு ஆள் எத்தனை தரம் வந்து வாங்கினார் எண்டு எதை வச்சுச் சொல்றது?"

மாஸ்டர்ஸ் முடித்தவர்கள் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூடக் கேளாமல், மொத்தத்தைக் கூட்டி வடிவான வரைபடம் போட்டுக்கொண்டு வந்ததை நான் நேர்முகங்களில் பார்த்திருக்கிறேன். கோட் எழுதித் தர இப்போது சாட்ஜிபிடி இருக்கிறது. பூச்சிய விலை வரியைக் கண்டதும் ஸ்டோர்ரூம் தரையில் உடைந்து கிடந்த பெட்டி ஞாபகம் வருகிறவர் எத்தனை பேர்?

அவருக்குத் தெரியாதது எஸ்க்யூஎல். அதையும் கடையை வைத்தே படிக்கலாம். விற்பனைப் பட்டியலைப் பார்த்தால் விற்றது மட்டும்தான் தெரியும். விற்காமல் ராக்கையில் தூங்குகிற சாமான் அதில் வராது. எல்லாச் சாமான்களின் பட்டியலையும் இடப்பக்கம் வைத்து விற்பனையோடு இணைத்தால், விற்காததற்கு நேரே இடம் காலியாக நிற்கும். அதுதான் 'லெஃப்ட் ஜொயின்'. ஒரே தரத்தில் அவருக்கு விளங்கியது. எஸ்க்யூஎல், பிறகு பவர் பிஐ. இரண்டையும் இலவசமாகவே தொடங்கலாம். சேமிப்பை உடைத்துப் பூட்கேம்ப் கட்டணம் கட்டுவதை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொன்னேன்.

கொழும்பு அனுபவத்தை மறைக்கவும் தேவையில்லை. ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனங்கள் பொது வேலை விளம்பரங்களில் 'கனடிய அனுபவம் வேண்டும்' என்று கேட்கக்கூடாது. சட்டம் விளம்பரத்தைத்தான் கட்டுப்படுத்தும். நேர்முகத்தில் எதிரே இருப்பவரின் மனதுக்குள் போகாது, அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் 'ஏழு வருசம் ஸ்டொக் கணக்கு, விலை, கழிவு எல்லாம் பார்த்தேன்' என்ற வரி மேலே இருந்தால்தான் இன்வென்டரி அனலிஸ்ட், பிரைசிங் அனலிஸ்ட் மாதிரி வேலைகளுக்கு ஆளைக் கூப்பிடுவார்கள். முதல் விண்ணப்பம் அவர் வேலை செய்கிற நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கே போகட்டும் என்றேன். அங்கே அவருடைய கடையின் இலக்கங்களைத் தினமும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சம்பள விசயத்தையும் வீட்டில் முதலே கதைக்க வேண்டும். அனலிஸ்டாக முதல் வேலை, இப்போதைய சம்பளத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மோர்ட்கேஜ் கட்டுகிற வீட்டில் அது சின்ன விசயமில்லை. அக்காவும் அவரும் ஒரு வருசத்துச் செலவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்கள்.

இனி வேண்டியது நேரம். அவருக்குச் செவ்வாயும் வியாழனும் பகல் வேலை, பின்னேரம் வீட்டில் நிற்பார். அந்த இரண்டு நாளும் பிள்ளையை எங்கள் வீட்டில் விடச் சொல்லியிருக்கிறோம். இரவுச் சாப்பாடும் எங்களோடுதான். ஒன்பது மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகும்போது, அன்றைக்கு எழுதிய எஸ்க்யூஎல்லைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.